மாமாவின் தலையைப் படம் எடுக்க மதுரைக்குப் போனோம்

ஞாபகமறதிக்காக வீட்டுப் பெரியவர்களை மதுரைக்குக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் போனது எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி வியாழக்கிழமை. போனவர்கள் மூன்று பேர்: என் மாமனார், என் மாமியார், நான். என் கணவருக்கு அன்று ஆலையில் லீவு கிடைக்கவில்லை.

மாமாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. சொன்னதையே திரும்பச் சொல்வார், வைத்த இடத்தை மறப்பார். வயசானால் அப்படித்தான் என்று விட்டிருந்தோம். ஆனால் அந்த ஆடியில் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு, வீட்டுக்கு எதிர்த்திசையில் நடந்தே போய்விட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். இது குணமாகிற சங்கதியா, இனிமேல் அவரைத் தனியாக வெளியே அனுப்பலாமா என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. உள்ளூர் டாக்டர் ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டு, மதுரையில் ஒரு நரம்பு டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அலங்காநல்லூரில் காலை 7.10 பஸ். மதுரை பதினேழு கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். டாக்டர் கிழமை, மாசமெல்லாம் கேட்பார் என்று யாரோ அத்தையிடம் சொல்லியிருந்தார்கள். பஸ் கிளம்பியதுமே பாடம் ஆரம்பமாகிவிட்டது.

"இன்னைக்கு என்ன கெழம?"

"வியாழன்."

"மாசம்?"

"ஆவணி. ஏத்தா, எம்புட்டுத் தடவதான் கேப்ப? ஒனக்கு எதுவும் மறந்து போச்சா?"

சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் சிரித்துவிட்டார். "பெரியவரு பரீட்சைக்கா போறீக?"

"ஆமப்பா. வாத்தியாரு கூடவே வாராக," என்றார் மாமா.

அத்தைக்கே பதில் தெரியாத இடங்களில் நானும் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொய் சொல்ல வைக்கிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. நாலு பேர் முன்னால் மாமா தலைகுனியக் கூடாது என்பதுதான் எங்கள் நினைப்பு.

பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டி ஒன்பதரைக்கு டாக்டரிடம் போனோம். கிழமை, மாசம், ஊர், ஜில்லா எல்லாவற்றுக்கும் மாமா டாண் டாணென்று பதில் சொன்னார். அத்தை முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிறகு டாக்டர் ஏர், பூட்டு, வாழைப்பழம் என்று மூன்று பெயர் சொல்லி, மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு பேச்சுப் பேசிவிட்டு ஐந்து நிமிஷம் கழித்து அதைக் கேட்டார்.

"மூணும் வீட்ல இருக்கு, பாத்துக்கலாம்," என்றார் மாமா.

கடிகாரம் வரையச் சொன்னதற்கு, பன்னிரண்டு எண்ணையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே அடுக்கினார். "எடம் பத்தல சார்," என்று விளக்கமும் சொன்னார்.

"வீட்ல எப்படிம்மா இருக்காரு?" என்று டாக்டர் அத்தையைக் கேட்டார்.

"அவுகளுக்கென்ன, ராசாவாட்டம் இருக்காக."

டாக்டர் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த மெஷின் மதுரைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஆட்டோவுக்கு ஆறு ரூபாய், ஸ்கேனுக்குத் தொள்ளாயிரம். அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான், வலி கிடையாது. மாமா அந்தப் பெரிய வளையத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய மெஷினுக்குள்ள என் தல மட்டுந்தானா? எடம் வீணாப் போகுதே," என்றார். படம் எடுத்த பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் படுக்க வைத்தான்.

படம் கைக்கு வர மூன்று மணியாகும் என்றார்கள். அதற்குள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள், கணக்குப் பார்த்துப் போங்கள். அம்மன் சந்நிதியில் அத்தை கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை.

நாலு மணிக்கு டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். "கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல, அடைப்பும் இல்ல," என்றார்.

"மீனாட்சி காப்பாத்திட்டா. வாங்க, போவோம்," என்று அத்தை எழுந்துவிட்டார்.

"ஒக்காருங்கம்மா. இதெல்லாம் இருந்திருந்தா வைத்தியம் பாத்துச் சரி பண்ணலாம். அது இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் படம். மூள கொஞ்சம் சுருங்கியிருக்கு, ஆனா வயசானாலும் சுருங்கும். படத்த மட்டும் வச்சு இந்த நோயச் சொல்ல முடியாது. கூட இருக்கவுக நீங்கதான் சொல்லணும்."

அத்தை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "காலையில பஸ்ல நாங்கதான் சார் சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தோம்," என்று சொல்லிவிட்டேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. டாக்டர் கோபப்படவில்லை. மாமாவை வெளியே நர்ஸோடு உட்கார வைத்துவிட்டு வந்தார்.

"கட்டுனவரப் பத்தி எப்படிச் சார் கொற சொல்றது?" என்றார் அத்தை.

"கொற இல்லம்மா. வகுத்து வலின்னா சொல்ல மாட்டீங்களா?"

அத்தை மெதுவாக ஆரம்பித்தார். வேட்டி கட்ட வராமல் மாமா நிற்பது, அத்தை கட்டிவிடுவது. ராத்திரியில் எழுந்து கதவைத் திறப்பதால் தன் சேலை முந்தியை அவர் கையில் முடிந்துவிட்டுப் படுப்பது. எல்லாம் இரண்டு வருஷமாக. ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது.

"போன மாசம் சோறு போடும்போது, 'நல்லா சமைக்கிறியேத்தா, நீ எந்த ஊரு?'ன்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வில்லாபுரம்னேன். அதான சார் நான் பொறந்த ஊரு. 'அங்கிட்டு நல்ல பொண்ணு இருந்தா எனக்குப் பாரேன்'னாக."

முதலில் சிரித்தது அத்தைதான். பிறகு டாக்டர், பிறகு நான். சிரித்துக்கொண்டே அத்தை கண்ணைத் துடைத்தார்.

அல்சைமர் என்று அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். பெரும்பாலும் அதுதான், குணமாக்க மருந்து இல்லை, தனியாக எங்கும் அனுப்பாதீர்கள், கேள்வி கேட்டுச் சோதிக்காதீர்கள் என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

போகிறவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தலையில் எப்போதாவது அடிபட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மெஷின்கள் இப்போது எவ்வளவோ மாறிவிட்டன. ஆனாலும், ராத்திரி பக்கத்தில் படுக்கிறவர் யாரோ அவரைக் கட்டாயம் உள்ளே கூட்டிப் போங்கள். போகும் வழியில் எந்தப் பாடமும் வேண்டாம்.

ஆறரை மணி பஸ்ஸில் திரும்பினோம். மாமாவுக்கு ஜன்னலோரம், நடுவில் அத்தை. பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, மாமாவின் தோளில் சாய்ந்து அத்தை தூங்கிப்போனார். இரண்டு வருஷத் தூக்கம். ஊர் வந்த பிறகும் எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டர்தான் இரண்டு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.