மாமா தன்மீதே எழுதிய முறைப்பாடு

"நேற்றைய சோதனையில் ஒரு பரீட்சார்த்தியின் பெறுபேற்றை நிறுத்திவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிழை அவளுடையதல்ல. என்னுடையதாக இருக்கலாம்."

மாமா ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. வலது மூலையில் ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் என்பவை தெளிவாகத் தெரிகின்றன. ஆண்டின் மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம் விழுந்திருக்கிறது. அந்த ஆண்டு செப்டெம்பரில்தான் நான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தேன் என்பதைக் கொண்டு, எனக்கு அப்போது பதினொரு வயது என்று தீர்மானிக்கிறேன். அந்தப் பரீட்சார்த்தி நான்தான்.

மாமா அம்மாவின் அண்ணன். நாங்கள் லண்டனின் பிளேஸ்டோவில் இருந்தோம், அவர் சட்டனில். அவருடைய பின்தோட்டத்துக் கொட்டிலில் ஒரு அமெச்சூர் வானொலிக் கருவி இருந்தது. அதில் முன்பின் தெரியாதவர்களுடன் அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரத்துக்குச் சோதனை வேண்டும். வானொலியில் என் பெயராக எனக்கென்று சொந்தமாக ஒரு அழைப்புக்குறி வரப்போகிறது என்று வகுப்பில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அந்தச் சோதனைகளை நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். மாமாவும் அவர்களில் ஒருவர். ஆனால் சொந்தக்காரர் எழுதும் சோதனையில் அவர் மேற்பார்வை செய்யக்கூடாது என்பது விதி. ஆகவே அந்தச் சனிக்கிழமை என்னைத் தேவாலய மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, மழையில் காருக்குள்ளேயே இருந்தார். மேற்பார்வையாளர்களுக்கென்று அம்மா ஒரு பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொடுத்திருந்தார். மாமா அதை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

தாள்களை அங்கேயே திருத்தி, நான் சித்தியடைந்துவிட்டதாகச் சொன்னார்கள். திரும்பும் வழியில் நானும் மாமாவும் அந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தோம். ஒரு சிவப்பு விளக்கில் கார் நின்றபோது, அவரைச் சந்தோஷப்படுத்த எண்ணி நான் சொன்னேன்:

"மாமா, நீங்கள் படம் கீறிக் காட்டின கேள்வி அப்பிடியே வந்தது. அதே பன்னிரண்டு வோல்ட், அதே நாலு ஓம்!"

"அப்பிடியே எண்டால்?"

"அச்சொட்டா மாமா. படம்கூட அதேதான்."

விளக்கு பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடித்தார்.

முந்திய மாதம் வேறொரு மண்டபத்தில் மாமா சோதனை நடத்தியிருந்தார். அங்கே வினாத்தாள்களைக் கையிலெடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி எண்ணியதும் அவர்தான். ஒரே வினாத்தாள் மறுபடியும் பயன்படுவதுண்டு. எனக்குக் காட்டிய கேள்வியைத் தானே யோசித்து உண்டாக்கியதாகத்தான் அவர் நம்பியிருந்தார். அங்கே தாளில் கண்டதுதான் அறியாமலே மனதில் தங்கிவிட்டதோ என்று இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது.

மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தே கடிதத்தை எழுதினார். அம்மாவுக்குக் கோபம் தாங்கவில்லை.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? பிள்ளை இரவு பகலாப் படிச்சு எழுதினது."

"அதுக்காகத்தான் எழுதிறன்."

"ஒருத்தரும் கேக்கேல்லையே!"

"நான் கேட்டிட்டன்."

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "கவுன்சிலின்ர பார்க்கிங் பைனுக்கெல்லாம் எங்களுக்கு அப்பீல் எழுதித் தாற மனுசன். இப்ப தனக்கு எதிராவே எழுதுறார். பாப்பம், ஆர் வெல்லுறது எண்டு."

மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "மருமகள், என்னில கோபமோ?" என்றார். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நான் சித்தியடைந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்றே முடிவுசெய்திருந்தேன். அடுத்த வாரங்களில் அவர் தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் குளித்துக்கொண்டிருந்தேன். அந்த நவம்பரில் லண்டனிலேயே மிகச் சுத்தமான பிள்ளை நானாகத்தான் இருந்திருப்பேன். பள்ளியில் அழைப்புக்குறியைப் பற்றிக் கேட்டவர்களிடம், தபால் தாமதம் என்றேன்.

பதில் வர ஏறக்குறைய மூன்று வாரமாயிற்று. மாமாமீது குற்றமில்லை, அவர் தொடர்ந்து மேற்பார்வையாளராக இருக்கலாம், நான் அவர் பார்த்திராத வேறொரு வினாத்தாளில் மறுபடி எழுதவேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "நல்ல காலம்" என்றார். எனக்கோ, தன் அண்ணனுக்கோ, யாருக்காகச் சொன்னார் என்று தெரியவில்லை. அன்று மாமா அழைத்தபோது நான் குளிக்கவில்லை.

இரண்டாவது சோதனையும் அதே மண்டபத்தில்தான். மாமா மறுபடியும் காரில். வினாத்தாளைத் திறந்தேன். மின்கம்பிகளுக்குக் கிட்ட ஆண்டெனா கட்டலாமா என்ற கேள்வி வந்திருந்தது. அதை மாமா சொல்லித் தந்திருந்தார். உருகியை, அதாவது பியூஸைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் மாமா. எல்லாவற்றுக்கும் விடை எழுதிச் சித்தியடைந்து, மழைச்சட்டையோடு காரில் ஏறினேன்.

"எப்பிடிப் பிள்ளை?"

"பாஸ் மாமா."

அவர் காரை எடுக்கவில்லை. நான் பெல்ற்றைப் பூட்டிக்கொண்டே சொன்னேன்: "நீங்கள் சொல்லித் தந்தது ஒண்டும் வரேல்லை."

"ஒண்டுமே?"

"ஒண்டுமே இல்லை."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீயா யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறாய். நல்லது" என்று சொல்லிக் காரை எடுத்தார். அவரை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே நிம்மதி. இனி ஒரு கடிதமும் போகாது. அந்த வழி முழுவதும் பாடிக்கொண்டு வந்தேன்.

மாமா எனக்குப் பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சொல்லித் தந்திருந்தார். அவர் சொல்லித் தராத ஒரு வினாத்தாள் இருக்கவே முடியாது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. மாமா இப்போதும் சட்டனில்தான் இருக்கிறார், சனிக்கிழமைகளில் இப்போதும் மண்டபங்களுக்குப் போகிறார். போன மாதம், அவர் தன் கடிதங்களின் பிரதிகளைப் போட்டுவைக்கும் கோப்பு முழுவதையும் அவர் முன்னாலேயே புரட்டிப் பார்த்தேன். இரண்டாவது சோதனையைப் பற்றி அவர் எழுதியதாக ஒரு கடிதமும் அதில் இல்லை. நான் பொய் சொன்னது அவருக்கு அன்றே தெரிந்திருந்ததா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.