சகலன் பூசிய பசை

என் சகலன் மீது எனக்கு எரிச்சல். அதை மறைத்துப் பயனில்லை. இந்தப் பனிநாட்டுக்கு வந்த புதிதில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள்தான் இருவரும். பிறகு அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். இன்று அவருக்கு லோறென்ஸ்கூக்கில் தனிவீடு, எனக்கு ரொம்மன் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இந்த வயதில் பனிச்சறுக்கு ஓட்டத்திலும் அவர்தான் முன்னுக்கு. போன வருடம் எனக்கு அரை மணி நேரம் முந்தி வந்துவிட்டார். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றும் என் மனைவிக்கு அந்தக் கதைதான். “அத்தான் என்ன மாதிரி ஓடுறார் தெரியுமோ?”

இந்த முறை அவரை முந்தாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டத்துக்கு முந்திய கிழமை முழுக்க மழை. ஓட்டம் நடக்குமா என்பதே கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது. காட்டுப் பாதையில் மிஞ்சியிருந்தது இறுகிக் கட்டியான பழைய பனி. அதற்குச் சறுக்குக்கட்டையின் அடியில் கிளிஸ்டர் பூச வேண்டும், பலாப்பால் மாதிரி ஒட்டும் பசை. பூசாவிட்டால் ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கும். ஓட்டத்தன்று காலையில் தன் கராஜில் வைத்து இரண்டு சோடிக்கும் சகலனே பூசினார்.

“தம்பி, இண்டைக்கு இதுதான் சரி. நீர் பேசாமல் இரும்.”

அறுபது வயதிலும் நான் தம்பி.

காரை நிறுத்தி இறங்கும்போது புதுப்பனி கொட்டத் தொடங்கியது. பசையில் புதுப்பனி பட்டால் கட்டிகட்டியாக அப்பிக்கொள்ளும். அவர் அண்ணாந்து பார்த்து, “இது இப்ப நிண்டிடும்” என்றுவிட்டு எங்கள் போட்டி இலக்கங்களை எடுக்கப் போனார். வரிசையில் நின்ற எல்லாரோடும் அவருக்குக் கதை. நான் காருக்குப் பின்னால் குந்தி, என் கட்டைகளில் இருந்த பசையைச் சுரண்டினேன். பழந்துணியால் துடைத்து, துணியை ஜாக்கெட் பைக்குள் திணித்துவிட்டு, புதுப்பனிக்கென்று ஒளித்துக் கொண்டுவந்த ஊதா மெழுகைத் தேய்த்தேன். அவருடைய கட்டைகள் பக்கத்தில்தான் சாய்ந்திருந்தன; அவற்றை நான் தொடவில்லை.

திரும்பி வந்தவர் கேட்டார். “எல்லாம் சரியோ?”

“ஓம் அண்ணை.”

இரண்டாவது ஏற்றத்தில் அவர் பாதையோரம் நின்று, கட்டையைக் கழற்றி மரத்தில் தட்டிக்கொண்டிருந்தார். அடியில் நாலு விரல் தடிப்புக்குப் பனி. எனக்கு உள்ளம் குளிர்ந்தது. அவர் என்னைக் கண்டு சிரித்தார்.

“உம்மடை நல்லா ஓடுது. என்ரைதான் பிழைச்சுப் போச்சு. நிக்காதையும், ஓடும்.”

ஓடினேன். அவர் வந்து சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே முடிவுக் கோட்டைத் தாண்டினேன். அங்கே மனைவியும் அவள் அக்காவும் ரோல்ஸும் தேத்தண்ணியுமாக நின்றார்கள். அவர் வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

“இவருக்குப் பூசினது நல்லாப் பிடிச்சிட்டுது. எனக்குப் பூசேக்கைதான் அவசரப்பட்டுட்டன்.”

மனைவி என்னைப் பார்த்தாள். “பாத்தியளே, அத்தான் தனக்குக் கெடுத்து உங்களுக்குச் செய்திருக்கிறார். அவர் இல்லாட்டில் நீங்கள் எங்கை முந்துறது?”

உண்மையைச் சொன்னால் வெற்றி என்னுடையது. ஆனால் காருக்குப் பின்னால் செய்ததையும் சொல்ல வேண்டும். அக்கா ரோல்ஸை நீட்டினார். ஜாக்கெட் பைக்குள் பசைத்துணி என் விரல்களில் ஒட்டிக்கிடந்தது. கையை வெளியே எடுக்கவில்லை.

“ஓம்” என்றேன். “அண்ணைதான் பூசினவர்.”