கிள்ளானும் கிளந்தானும்

ஒன்பது வயதிலேயே நான் பிறர் எழுத்தைத் திருத்தத் தொடங்கிவிட்டேன். அத்திருத்தங்களுள் ஒன்று எங்கள் வீட்டுச் சாமான்களை எல்லாம் மூட்டை கட்ட வைத்தது. என் அம்மாவை ஒரு மாத காலம் மனத்தளவில் தவறான ஊருக்குக் குடிபோக வைத்தது.

நாங்கள் அப்போது பிரிக்பீல்ட்ஸில், இரயில்வே ஊழியர் குடியிருப்பின் நீண்ட வரிசையொன்றில் இருந்தோம். வீட்டில் அப்பா, அம்மா, நான் என மூவர். புகைவண்டி ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் நின்று, உரிய நேரத்தில் நெம்புகோலை இழுத்துவிடுவது அப்பாவின் பணி. மழையோ வெயிலோ, பகலோ இரவோ, அவர் அங்கே நின்றாக வேண்டும். பெட்டிகளின் எண்களைத் தொலைவிலிருந்தே படித்துவிடும் அவர், தமிழ் எழுத்தைக் கண்டால் தாளை என் பக்கம் நீட்டிவிடுவார். அம்மா கைத்தையற்பொறி ஒன்றை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார், அவரும் எழுத்தறியார். எனவே, வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பதும் அவற்றுக்கு மறுமொழி எழுதுவதும் என் பொறுப்பாயின.

பள்ளியில் சொல்வதெழுதுதலில் நான் பிழை விடுவதில்லை. ஆகவே, மற்றப் பிள்ளைகளின் கற்பலகைகளைப் பார்த்துப் பிழை குறிக்கும் வேலையை ஆசிரியர் எனக்குத் தந்திருந்தார். அந்தப் பதவி என் தலைக்கேறியிருந்தது. மளிகைக் கடையின் பெயர்ப் பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் கடைக்காரரிடம் சொல்லாமல் வீடு திரும்பமாட்டேன். அவர் என்னைக் கண்டதும் உள்ளே போய்விடுவார்.

வேறு மாநிலத்தில் நல்ல வேலை இருப்பதாக அப்பாவுக்கு அதற்கு முன்னரே இருமுறை செய்தி வந்ததுண்டு. ஒருமுறை பேராவிலிருந்து, மற்றொருமுறை ஜொகூரிலிருந்து. இருமுறையும் அம்மா எழுப்பிய வினா ஒன்றே: “அங்க எனக்கு யாரு இருக்கா?” அதைக் கேட்டதும் அப்பா தம் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்நிலையில்தான் சித்தப்பாவின் கடிதம் வந்தது. அப்பாவின் தம்பியாகிய அவர், ஒரு குடையைத் தொலைத்ததில் எழுந்த சண்டையில் கோபித்துக்கொண்டு, தண்டவாளம் போடும் ஆள்களோடு சேர்ந்து புறப்பட்டுப் போய் ஈராண்டுகள் ஆகியிருந்தன. எந்தப் பக்கம் போனார் என்பது எவருக்கும் தெரியாது. உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரையோ மை அப்பிக் கிடந்தது. கடிதம் இவ்வாறு தொடங்கியது: ‘அன்னனுக்கு தம்பி எளுதிக்கொன்டது. நான் சொகம். கிளந்தானில் மன்டோர் வேலை ஒன்னு காலி இருக்கு.’

மண்டோர் என்றால், பன்னிரண்டு ஆள்களை வைத்துத் தண்டவாளத்தைச் செப்பனிடும் கூட்டத்துக்குத் தலைவர். பகலில் மட்டும் வேலை. குடியிருக்க இரண்டு அறை வீடு. துரையிடம் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டதாகவும், கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்வரை பொறுத்திருக்கும்படியும் சித்தப்பா எழுதியிருந்தார்.

நான் அதற்குள் அவர் பிழைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். ‘அண்ணன்’ என்று எழுதத் தெரியாதவர் ஊர்ப் பெயரை மட்டும் எப்படிச் சரியாக எழுதியிருப்பார்? கிளந்தான் என்றோர் ஊரை நான் கேள்வியுற்றதே இல்லை. எங்கள் பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்தவை. காவிரி எங்கே தோன்றி எங்கே கடலில் கலக்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் பிறந்த மலாயாவின் கீழ்க்கரையில் அப்படியொரு மாநிலம் இருப்பதை அந்நூல்கள் எனக்குச் சொல்லவில்லை. கிள்ளானையோ நன்கு அறிவேன். புகைவண்டியில் ஏறினால் ஒரு பொட்டலம் கச்சான் கடலை கொறித்து முடிப்பதற்குள் வந்துவிடும். அம்மாவின் அக்காவாகிய என் பெரியம்மா வாழ்ந்த ஊர் அது. எனவே, வேண்டாத எழுத்தைக் களைந்து, “கிள்ளானில் மண்டோர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது” என்று திருத்தமாகப் படித்தேன்.

“கிள்ளான்லயா?” என்றார் அம்மா. கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. “நல்லா பாத்து வாசிடி.”

“கிள்ளான்தாம்மா.”

“எங்கக்கா ஊருல! அப்ப போவோம். என்னாங்க பாத்துக்கிட்டே இருக்கீங்க? சரின்னு சொல்லுங்க.”

இரவு முறை முடித்து வந்து பசியாறிக்கொண்டிருந்த அப்பா, கையில் பிட்ட தோசையோடு அப்படியே அமர்ந்திருந்தார். இவ்வளவு எளிதாக இசைவு கிடைக்கும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்.

“இம்புட்டுக் கிட்டத்துல இருந்துக்கிட்டா இந்தப் பய ரெண்டு வருசமா தலையக் காட்டல?”

“ஒரு கொடைக்கு நீங்க ஏசுன ஏச்சுக்கு யாருதான் வருவா?” என்றார் அம்மா.

அன்று முதல் அப்பா வேறொரு மனிதரானார். வேலை முடிந்து வந்ததும் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு, அங்கில்லாத பன்னிரண்டு ஆள்களுக்கு ஆணையிட்டுப் பார்ப்பார். அவர் குரல் இயல்பிலேயே மெல்லியது. “தூக்குங்கடா!” என்று அவர் முழங்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கோழிகள்கூட அசைந்து கொடுப்பதில்லை. ஆயினும் அவர் சளைக்கவில்லை.

பெரியம்மாவுக்குச் செய்தி போயிற்று. அடுத்த சனிக்கிழமையே வந்து இறங்கினார். பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. பெரியம்மா அன்பே உருவானவர். அவ்வன்பைத் தடுத்து நிறுத்த வல்லவர் எங்கள் குடும்பத்தில் அதுவரை பிறக்கவில்லை.

“அந்த ரெண்டு ரூம் வீடெல்லாம் எதுக்குடி? தண்டவாளத்து ஓரமா புகையில கெடக்கப் போறியா? எங்க வீட்டுக்குப் பின்னாலயே ஒரு வீடு பாத்து வச்சிட்டேன். நடுவுல வேலிகூடக் கெடையாது.”

“சரிக்கா” என்றார் அம்மா, முகம் மலர.

“மிசின எங்க வீட்டு முன்னறையில போட்டுக்கலாம். அங்கதான் வெளிச்சம் நல்லாருக்கும். நீ தைக்கிறப்ப நானும் பக்கத்துல உக்காந்து பாத்துக்குவேன்.”

“சரிக்கா.”

அம்மா வைத்த குழம்பைச் சுவைத்துவிட்டுப் பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார். “புளி தூக்கலா இருக்கு. இன்னும் நீ மாறலடி. கிள்ளான் வந்து சேரு, ஒரே அடுப்பா வச்சிடறேன்.” இப்படியாக வாரந்தோறும் எங்கள் வீட்டின் ஒவ்வொரு பொருளும் பெரியம்மாவின் வீட்டில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுக்கொண்டிருந்தது. மூன்றாவது சனிக்கிழமை என் முறை.

“இவ படிச்சதெல்லாம் போதும். பத்து வயசு ஆவப் போவுது. எங்கூட பாசாருக்கு வந்து நாலு விசயம் தெரிஞ்சுக்கட்டும்.”

அம்மா பொறியின் சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “பாக்கலாம்க்கா” என்றார். பெரியம்மாவிடம் அம்மா ‘சரிக்கா’ என்பதைத் தவிர வேறொரு சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அப்பா தம் கவலையை வெளியிட்டார். “மதினி, தம்பிய எங்கயாச்சும் பாத்தீங்களா? விலாசமும் எழுதல.”

“பாக்காம என்னா? போன செவ்வாக்கெழம ஆத்துப் பாலத்து மேல போறான். கூப்புடுறேன், கூப்புடுறேன், மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறான். அந்தக் கொடைய இன்னும் மனசுல வச்சிருக்கான் போல.”

அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மற்றொரு நாள், அப்பா கொல்லையில் தம் பன்னிரண்டு பேரோடு மன்றாடிவிட்டு உள்ளே வந்தபோது, அம்மா தலை நிமிராமல் கேட்டார்: “கிள்ளானுக்குத்தான் போவணுமாங்க?” அப்பாவின் முகத்தில் இருந்த ஒளி அவிந்தது. தொப்பியைத் தேடினார். அதைக் கண்ட அம்மா விரைந்து, “சும்மாதான் கேட்டேன். போவோம், போவோம்” என்றார். அம்மாவுக்குப் போக விருப்பமா இல்லையா என்பது எனக்குப் புரியவில்லை. என் பள்ளி போய்விடும் என்பது மட்டும் புரிந்தது. சித்தப்பாவின் கடிதத்தை நான் படித்திருக்கவே வேண்டாமோ என்றுகூட எண்ணினேன். தவறாகப் படித்திருக்கலாம் என்று மட்டும் எண்ணவில்லை.

அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது ஒரு சனிக்கிழமை. பெரியம்மா தையற்பொறியைத் தம்மோடு மாலை வண்டியில் கொண்டுபோவதாகச் சொல்லி, அதைச் சாக்கில் சுற்றி வாசற்படியில் கொண்டுவந்து வைத்திருந்தார். நண்பகலில் அப்பா வந்தார். தொப்பி கையில் இருந்தது. கட்டி வைத்திருந்த பெட்டியொன்றின்மேல் அமர்ந்தார்.

“என்னாங்க, வண்டிப் பாஸ் குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.” தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “கிராணி ஐயா கேக்குறாரு, ‘ஆர் காணும் உமக்குக் கிள்ளான் எண்டு சொன்னது?’ன்னு” என்றார். அலுவலக எழுத்தரைக் கிராணி என்பதே அந்நாள் வழக்கு. யாழ்ப்பாணத்தவராகிய அவருடைய பேச்சை அவ்வளவு துயரத்திலும் அப்பா பிசகாமல் பேசிக் காட்டினார். “கிள்ளான் இல்லியாம். கிளந்தானாம். கீழ்க்கரையில, சயாம் எல்லைக்கிட்ட. கெமாஸ் போயி வண்டி மாறணும். ரெண்டு நாளு ஆகும்.”

எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. அம்மா அரிசித் தகரத்தின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்து, “ஒவ்வொரு எழுத்தா வாசி” என்றார்.

“கி… ள… ந்…” தாளைத் தாழ்த்தினேன். “சித்தப்பா தப்பா எழுதிட்டாருன்னு நெனச்சேன்” என்றேன்.

“அடிப் பாவி!” என்று பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “எழுதுனவன் எழுதுனபடி வாசிக்கிறதுக்குத்தானே உன்னப் பள்ளிக்கூடம் அனுப்புனது!”

அப்பாவுக்கு அப்போதுதான் ஏதோ தோன்றியிருக்க வேண்டும். மெல்லத் திரும்பி, “அப்ப மதினி, பாலத்து மேல பாத்தது?” என்றார்.

“அவன மாதிரியே இருந்தான், தம்பி” என்றார் பெரியம்மா.

“கூப்பிட்டதுக்கு மூஞ்சத் திருப்பிக்கிட்டான்னீங்க?”

“ஆளு தெரியாத பொம்பள கூப்புட்டா எவன்தான் திரும்பிப் பாப்பான்?” என்றார் பெரியம்மா.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று எண்ணி எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“வேணாம்னா வேணாம்” என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. “திங்கக்கெழம போயி பாஸத் திருப்பிக் குடுத்துடறேன். இந்தப் பாயிண்ட்டு இழுக்குற வேலை எங்கயும் போயிடாது.”

“அதான் சரி” என்றார் பெரியம்மா. “அங்க இவளுக்கு யாரு இருக்கா?”

அம்மா வாயிலிருந்து தலைப்பை எடுத்தார். “ஏங்க, அந்த ரெண்டு நாளுங்கிறது இங்கேருந்து போறதுக்கா? கிள்ளான்லேருந்து யாராச்சும் வரணும்னா?”

“கிள்ளான்லேருந்துன்னா இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும்.”

அம்மா எழுந்தார். வாசற்படியில் இருந்த தையற்பொறியைச் சாக்கோடு இழுத்து வந்து எங்கள் பெட்டிகளுக்கு நடுவே வைத்தார். “வாக்குக் குடுத்தாச்சு” என்றார். “புள்ள தப்பா வாசிச்சதுக்கு மனுசன் என்னா பண்ணுவாரு? போவோம்.”

பெரியம்மா ஓடி வந்து தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா அவரைவிட உரக்க அழுதார். அப்பா பெட்டிமேல் அமர்ந்தபடியே தொப்பியைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்துக்கொண்டார். எனக்கு எப்போது அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. மாலையில் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அப்பாவிடம், “அங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கான்னு மொதல்ல அந்தக் கிராணிகிட்டக் கேளுங்க” என்றார்.

பள்ளி இருந்தது, பதினேழு பிள்ளைகள் படித்த ஓர் ஓலைக் கொட்டகை. இரண்டு அறை வீடும் சித்தப்பா எழுதியபடியே இருந்தது. உண்மையான பன்னிரண்டு பேரைக் கண்டதும் அப்பா முழங்குவதை மறந்து, வழக்கம்போல் மெல்லத்தான் பேசினார். அவர்களோ நன்றாகவே வேலை செய்தார்கள். அம்மா தையற்பொறியைக் கிழக்குப் பார்த்த சன்னலோரம் தாமே நகர்த்திப் போட்டுக்கொண்டார். குழம்பில் புளி சற்றுத் தூக்கலாகவே இருந்து வந்தது.

போய்ச் சேர்ந்த பத்தாம் நாள், பெரியம்மாவுக்குக் கடிதம் எழுத அம்மா என்னை அழைத்தார்.

“எழுது. அக்கா, நீ இல்லாம இங்க ஒரு நாளு போறது ஒரு மாசம் போற மாதிரி இருக்கு. சோத்துல கைய வச்சா உன் நெனப்புத்தான் வருது.”

சொல்லும்போதே அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. எழுதினேன்.

“இன்னும் எழுது. வழி ரொம்பச் செரமம். கெமாஸ்ல கொசுக்கடி தாங்க முடியாது. மூட்டுவலியோட நீ வந்து அலையாத. நாங்களே வந்து உன்னப் பாக்குறோம்.”

“எப்ப வர்றோம்னு எழுதட்டும்மா?”

“அது வேணாம்.”

நான் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். “இதுல எதும்மா நெசம்?”

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். “ரெண்டும்தான். ஒட்டி அனுப்பு” என்றார்.

ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கூற்றுகள் ஒரே தாளில் எப்படி மெய்யாக இருக்க முடியும் என்பது எனக்குச் சற்றும் விளங்கவில்லை. சன்னலோரம் பொறி ஓடத் தொடங்கியது. அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தைத்தார். நான் கடிதத்தை மடித்து உறையில் இட்டேன்.