போர்வை போர்த்திய டிரம்

அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. எங்கள் மயிலாப்பூர் ஃபிளாட்டைச் சீக்கிரம் விற்றாக வேண்டும்.

"மொதல்ல அந்தத் தண்ணி டிரம்ம மறைங்க சார். பாத்தா இங்க தண்ணிக் கஷ்டம்னு நெனச்சுக்குவாங்க," என்றார் புரோக்கர்.

டிரம்மை என் அறைக்கு உருட்டிவந்து, போர்வை போர்த்தி, மேலே என் புத்தகங்களை அடுக்கினேன். நல்ல மேஜையாகத்தான் தெரிந்தது.

இன்று வீடு பார்க்க வந்த ஆன்ட்டி சமையலறையில் தயங்கி நின்றார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு டிரம்கூட இல்லியே! தண்ணி வரலன்னா என்ன பண்ணுவீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் போர்வையை உருவினேன்.

பின்னாலேயே வந்த ஆன்ட்டி டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "நல்லா கெட்டியா இருக்கே! இத வீட்டோட சேத்துத்தான குடுக்கறீங்க?"

வீட்டைப் பற்றி மட்டும் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

'இரண்டு படுக்கையறை, ஒரு டிரம்' என்று விளம்பரம் போடலாமா?