அரை மூச்சு முன்னால்

எர்சிலியா முப்பத்தோரு வருடம் மேடைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தாள். எங்கள் ஊர் அரங்கில் மேடையின் முன்விளிம்பில் ஒரு பொந்து உண்டு. அதில் தலையை மட்டும் நீட்டி, இசை நாடகம் பாடுகிறவர்களுக்கு ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் அரை மூச்சு முன்னால் எடுத்துக் கொடுப்பாள். சபைக்கு அவள் தெரியமாட்டாள். ஒரு மரக்கூண்டு மறைத்திருக்கும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் வாயெடுப்பதற்குள் "உப்பு" என்பாள், உப்பையும் நகர்த்துவாள். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று நான் கேட்ட அன்றும் கடைசிச் சொல் அவள் எடுத்துக் கொடுத்ததுதான். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. என் பிழைப்பு கேட்பது. பாலாடைக்கட்டிக் கிடங்கில் பெரிய உருளைகளைச் சின்னச் சுத்தியலால் தட்டி, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஓசையை வைத்துச் சொல்வேன்.

மேஸ்ட்ரோ என்றால் எங்களுக்கு பெர்கொன்சீனி ஒருவர்தான். கொல்லர் மகன். பதினேழு இசை நாடகங்கள் எழுதினார், பதினாறை உலகம் மறந்துவிட்டது; இதை எங்கள் ஊரில் உரக்கச் சொல்ல முடியாது. மிஞ்சியது படகோட்டியின் கதை. போ என்கிற எங்கள் ஆற்றின் வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்தவன் கடைசி அங்கத்தில் பாடும் பாட்டை, தன் மனைவியைப் புதைத்த வாரத்தில் எழுதினாராம். முதல் நாளன்று மை காயாத தாளோடு அவரே அந்தப் பெட்டிக்குள் இறங்கிச் சொல் எடுத்துக் கொடுத்தாராம்.

"மேஸ்ட்ரோ உக்காந்த இடத்துல நான் உக்காந்திருக்கேன், கெல்மினோ. நீ எங்க உக்காந்திருக்க? மேல்மாடியில, கசாப்புக்கடை நெல்லோவோட வெங்காய நாத்தத்துல" என்பாள்.

அது உண்மை. மேல்மாடிக்காரர்களான எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடம். யார் தடுமாறினாலும் சீட்டி அடிப்போம், சொந்த ஊர்க்காரன் என்றும் பார்க்கமாட்டோம்.

அட்டீலியோ எங்கள் ஊர்க்காரர். எழுபது வயதில் கடைசியாக ஒருமுறை படகோட்டியாக நின்றார். ஞாபகம் ஓட்டையாகிவிட்டிருந்தது. கண்ணாடி இல்லாமல் எர்சிலியாவின் உதடும் தெரியாது. போட்டுக்கொள்ளச் சொன்னதற்கு, "படகோட்டி எந்த ஊர்ல கண்ணாடி போட்டான்?" என்றார். சீட்டிச் சத்தத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று எர்சிலியா வாக்குக் கொடுத்திருந்தாள். அன்று காலை அவளுக்குத் தொண்டை கட்டி, வெறும் காற்றுதான் வந்தது. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: நீ வா.

சமையலறையில் பழக்கினாள். நான் இசையோடு சேர்ந்தே சொன்னேன். மேசையைத் தட்டினாள். "கூடப் பாடாதே, முந்து" என்று எழுதினாள். மேல்மாடிக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. கடைசியில், பெட்டிக்குள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, அவள் என் முழங்காலைக் கிள்ளும்போது நான் சொல்வது என்று முடிவாயிற்று.

மூன்று அங்கங்கள் கிள்ளுக் கிள்ளாக நன்றாகவே போயின. பிறகு அந்தப் பாட்டு. இத்தனை பக்கத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அட்டீலியோவின் மூச்சும் செருப்பின் கிறீச்சும்கூடக் காதில் விழுந்தன. நடுவில் ஓரிடத்தில் வாத்தியங்கள் எல்லாம் நின்றுபோகும். படகோட்டி அந்த மௌனத்திலிருந்து தானாகத் தொடங்க வேண்டும். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மௌனம் நீண்டது. அட்டீலியோவின் கண்கள் பெட்டிப் பக்கம் துழாவின. மேலே யாரோ சீட்டிக்கு மூச்சு இழுத்தது கேட்டது. எர்சிலியா எப்போது கிள்ளினாளோ தெரியாது. இப்போது பிடித்துத் திருகினாள்.

"நதியே" என்றேன்.

அவர் பாடினார்.

அந்த நீண்ட மௌனத்தை மேல்மாடி அவருடைய மேதைமை என்று எடுத்துக்கொண்டது. கசாப்புக்கடை நெல்லோ வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். விருந்தில் அட்டீலியோ சூப்பில் மிதந்த அனொலீனிக் கொழுக்கட்டைகளை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு எர்சிலியாவிடம் குனிந்தார். "உன் வீட்டுக்காரன் தூங்கிட்டானா?"

அவள் காற்றுக் குரலில் சொன்னாள்: "தூங்கல. கேட்டுட்டு இருந்தான்."

என் முழங்கால் பத்து நாள் நீலமாக இருந்தது. அவளுக்குக் குரல் திரும்பியதும் முதலில் சொன்னது "உப்பு".

பிப்ரவரியில் அவளைப் புதைத்தோம். ஊர் வாத்தியக் குழு அந்தப் பாட்டை வாசித்தது. நடுவில் எல்லாம் நின்றன. படகோட்டியின் வரிகளை வாசித்த கிளாரினெட்காரன் குழலை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் நான் சொல்லிவிட்டேன், "நதியே" என்று. அவன் திரும்பிப் பார்த்தான். சரியாக அரை மூச்சு முன்னால்தான் சொல்லியிருந்தேன்.