முதல் பக்கத்துப் படம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை நினைத்து இன்று வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரின் வழியே குடும்பத்தின் வணக்கம்.

அண்ணன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டு மூத்த மகனாகப் பிறந்தார். கோடையில் தாமல் ஏரி வற்றியதும் அந்தத் தரையில் வெறுங்காலோடு கால்பந்து விளையாடியே பெரியவரானார். அவருடைய இடது கால் உதையைப் பார்த்துத்தான் சென்னையில் ஒரு கம்பெனி அணி அவரை அழைத்துக்கொண்டது.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். வலது ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவது பிள்ளைகளின் வேலை. அண்ணன் சென்னைக்குப் போனதும் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இடம் எனக்கு வந்தது. என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. அண்ணன் கோல் போட்ட செய்தி பேப்பரில் வந்த அன்று அப்பா அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

கம்பெனியில் வேலை நிரந்தரமாகும் என்று அண்ணனிடம் ஒவ்வொரு ஆண்டும் சொன்னார்கள். ஓர் இறுதி ஆட்டத்தின்போது அண்ணனின் முழங்கால் வீங்கியிருந்தது.

"இந்த ஒரு மேட்ச் ஆடிடுபா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக் களத்தில் இறக்கினார்கள். அண்ணன் கோல் போட்டார். கோப்பை வாங்கும்போது அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அவரைக் கூப்பிடவில்லை.

ஊர் திரும்பிய அண்ணனால் தறியின் மிதிப்பலகையை அழுத்த முடியவில்லை. அதற்குள் அப்பாவுக்கு வயதாகி, அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வலது ஓரத்துக்கு வந்தார்.

"இன்னாபா, ஃபார்வர்டு ஆடனவரு பசங்க எடத்துல குந்திக்கினு இருக்காரு?" என்று தெருவில் கேலி செய்தார்கள்.

"பதவி ஒசந்துட்டுதுபா. இப்ப கோல்கீப்பரு. தம்பி அடிக்கிறத உடாம புடிக்கிறேன் பாரு" என்றார் அண்ணன். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வலிக்காகப் பல ஆண்டுகள் விழுங்கிய மாத்திரைகளால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஆட்டோ ஓட்டும் பாய்தான் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போய்க் கூட்டிவந்தார். அண்ணி சொல்லி அனுப்பியும் அணியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

சென்ற மாதம் அவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. அணியின் பொறுப்பாளர் ஒருவர், சீருடையில் அண்ணன் இருக்கும் படத்தையும் இரங்கல் செய்தியையும் கொண்டுவந்தார்.

"மலர்ல மொத பக்கத்துல போடுங்கம்மா. எங்க டீம் பேரும் வரும், அவருக்கும் பெருமை."

அண்ணி அவருக்குக் காபி கொடுத்தார். அவர் குடித்து முடித்த பிறகு அண்ணி சொன்னார்: "படுத்துக்கினு இருந்தப்ப வாசல்ல வண்டி சத்தம் கேட்டா, நம்ம டீமுங்களா பாருன்னு கேப்பாரு. ஒவ்வொரு வாட்டியும் பாய்தான் சார் வந்தாரு. இத எடுத்துக்கினு போங்க."

அந்த பாய்க்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சுகளுக்கும், அண்ணன் படுத்த பிறகு தறியின் வலது ஓரத்தில் வந்து உட்கார்ந்த எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. வராதவர்களுக்கு இந்த மலரில் இடமில்லை.

முதல் பக்கத்துப் படம் அண்ணி எடுத்துக் கொடுத்தது. அண்ணன் கையில் நாடாவோடு என் பக்கத்தில் இருக்கிறார். கால்கள் தறிக்குழிக்குள் இருப்பதால் தெரியாது. அணிக்காரர்களுக்கு அவரிடம் வேண்டியிருந்தது அவை மட்டும்தான்.