அம்மாவின் உடம்பு எந்த வகை?

பிள்ளைகளே, இந்தச் சிட்னியில் ஒரு டொக்டரிடம் போய் "எனக்குச் சூட்டுடம்பு" என்று சொல்லிப் பாருங்கள். உடனே வாய்க்குள் தெர்மாமீட்டரை வைத்துவிடுவார். உங்கள் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. தலைச்சுற்று, சூட்டுடம்பு என்று சொல்லத் தொடங்கியவள் வாயில் கண்ணாடிக் குழாயோடு பேசாமல் இருந்தாள். "காய்ச்சல் இல்லை, பிரஷர்தான் கூடியிருக்கு" என்று குளிசை எழுதித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் எங்கள் பரியாரியார் நாடி பிடித்தால், வீட்டில் யாரோடு கொழுவல், ஏன் சண்டை என்பது வரை விசாரித்துத்தான் கையை விடுவார்.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் கொரியாக்காரன் பாக், தங்கள் வைத்தியர் ஒருவரிடம் எங்களைக் கூட்டிப் போனான். அவர் அம்மாவை நடக்கவிட்டுப் பார்த்தார். வேர்த்தால் சுகமா, களைப்பா என்று கேட்டார். மனிதர் நான்கு வகையாம். வகைக்கு ஏற்றபடிதான் மருந்தாம். இவள் குளிர் உடம்புக்காரி என்று ஜின்செங் வேர் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவள் குளிசைப் போத்தலைத் தூக்கி மேசை லாச்சிக்குள் போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குளிசையை விடாதையும். அது கனபேருக்குக் குடுத்துச் சோதிச்ச மருந்து."

"அந்தக் கனபேருக்கை என்னைப்போலை ஒருத்தி இருந்தவளோ?"

அந்தக் கோபத்தை மறுநாள் பாக்கிடம் காட்டினேன். "உங்கள் மருந்தைப் பாதிப் பேருக்குக் கொடுத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் யாராவது சோதித்தார்களா?"

அவன் சிரித்தான். "ஆளுக்கு ஆள் வேறு. எல்லோருக்கும் ஒன்றையே கொடுத்தால் அது என்ன சோதனை?"

"அப்படியென்றால் உன் வைத்தியர் பிழைவிட்டால் எப்படித் தெரியும்?"

அவன் மெஷின் பக்கம் திரும்பிவிட்டான். ஆகவே நானே சோதித்தேன். நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த இன்னொரு கொரிய வைத்தியரிடம், முந்தியவரைப் பற்றி மூச்சுவிடாமல் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவரும் வடிவாகப் பார்த்தார், விசாரித்தார். சூட்டு உடம்பாம், ஜின்செங்கைத் தொடவே கூடாதாம்!

ரயிலில் நான் விடவில்லை. "பாத்தீரோ? ஒருத்தருக்கு நீர் குளிர் உடம்பு, மற்றவருக்குச் சூடு. இவையை நம்பியோ பிரஷர் குளிசையை விட்டனீர்?"

அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு பேரும் என்னைப் பாத்துப் பிழையாச் சொல்லிச்சினம். டொக்டர் பாக்காமலே சரியாச் சொல்லிப்போட்டார். வாதத்திலை வெண்டிட்டியள்தானே, விடுங்கோ."

பிள்ளைகளே, யார் மருந்து தந்தாலும் ஆதாரம் கேளுங்கள். நாலு வகை, ஐந்து வகை என்று இனிக்கப் பேசி உயிரோடு விளையாடுகிறவர்களை நான் மன்னிக்க மாட்டேன். ஆனால் சரியான குளிசையைத் தந்துவிட்டு முகத்தை நிமிர்ந்து பாராத அந்த டொக்டரையும் நான் மன்னிக்கவில்லை.

இன்று காலை அம்மா குசினியில் குளிசையை விழுங்கினாள். காலில் இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸ். முகம் எரிகிறது என்று யன்னலை அகலத் திறந்து, இந்த நாட்டு ஜூலைக் குளிர்காற்றுக்கு நேரே நின்றாள்.

"இப்ப நீர் சூட்டுடம்போ, குளிர் உடம்போ?" என்றேன்.

"எந்த ஊர் உடம்பைக் கேக்கிறியள்?" என்றாள், யன்னலை மூடாமலே.